அப்பாவுக்கு ஈரல் தர யாரைக் கேட்பது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 56 வயது, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இனிப்புநீர், அதாவது நீரிழிவு, உண்டு. முன்பு குடித்தார், நான்கு ஆண்டுகளாகத் தொடவில்லை. வயிற்றில் நீர் கோத்து ஈப்போ பெரிய மருத்துவமனையில் மூன்று முறை நீர் இறக்கியிருக்கிறார்கள். ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ், ஈரல் மாற்றுவதே வழி என்று சொல்லி கோலாலம்பூர் பக்கத்துச் செலாயாங் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். அப்பாவுக்கு ரத்தம் பி வகை, அம்மாவுக்கு ஏ, அக்காவுக்கு பி, கேள்வி கேட்ட தம்பிக்கு ஓ. தம்பி 94 கிலோ. "ஒரே ஆம்பளப்பிள்ள, நீ படுக்காதே" என்கிறார் அம்மா. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பாவோ இந்தியாவுக்குப் போனால் காசுக்கு ஆள் கிடைக்கும் என்கிறார். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, அதுவரை அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்வது? இதுதான் கேள்வி.

தம்பி, நான் 31 ஆண்டுகள் மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் தாதியாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் ஈரல் நோயாளிகளின் வார்டில். நானும் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். அதனால் மருத்துவத்தையும் சொல்கிறேன், வீட்டையும் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் இரண்டாவதுதான் கடினம்.

முதலில் அப்பாவைப் பற்றி. உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் "குடிச்சான், அனுபவிக்கிறான்" என்று சொந்தக்காரர்கள் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் காதில் விழும்படி அப்படிப் பேச யாரையும் விடாதீர்கள். தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்தில் குழந்தைக்குப் பால் கிடைப்பதைவிட அப்பனுக்குக் கள் கிடைப்பது சுலபமாக இருந்தது. கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்திய இடங்கள் உண்டு. 1947-இல் கெடாவில் பீடோங் வட்டாரத்துத் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து அடிபட்டது இதற்காகத்தான். கள் போனபின் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. இத்தனைக்கும் நடுவில் நான்கு ஆண்டுகளாக ஒரு மனிதர் தொடாமல் இருக்கிறார் என்றால் அது பெரிய காரியம். மாற்றுச் சிகிச்சைக் குழுவும் அதைத்தான் முதலில் கேட்கும். பொதுவாக ஆறு மாதமாவது விட்டிருக்க வேண்டும் என்பார்கள். திரும்பக் குடிப்பாரா என்று மனநல மருத்துவரும் பேசிப் பார்ப்பார். உங்கள் அப்பா இதில் தேறிவிடுவார் என்று நினைக்கிறேன்.

ஆனால் காரணம் குடி மட்டும்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து, குடிக்காமலே சிரோசிஸ் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் இனிப்புநீர் அதிகம் இருப்பது நம்மவர்களிடம்தான். ஈரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி, சி கிருமிகளுக்குப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். பி இருந்தால் வீட்டில் எல்லாரும் ரத்தம் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கான பி தடுப்பூசி இங்கே 1989-இல்தான் தேசியத் திட்டத்தில் வந்தது. நீங்களும் அக்காவும் அதற்குப் பின் பிறந்தவர்கள், அம்மா அப்படியில்லை. சி இருந்தால் நல்ல மாத்திரை இருக்கிறது. 2017-இல் அரசாங்கம் காப்புரிமையைத் தாண்டிச் சோபோஸ்புவிர் மருந்தை மலிவாக வரவழைத்து, அரசாங்க மருத்துவமனைகளில் கொடுக்க வழி செய்தது. காரணத்தைக் குணப்படுத்தினால் கெட்ட ஈரல்கூட ஓரளவு நிமிரும். சிலர் மாற்று வரிசையிலிருந்தே வெளியே வந்திருக்கிறார்கள்.

செலாயாங்கில் "மெல்ட்" என்று ஓர் எண் சொல்வார்கள். காமாலையைக் காட்டும் பிலிருபின், சிறுநீரகத்தின் கிரியேட்டினின், ரத்தம் உறையும் வேகம், இப்போது உப்புச் சத்தான சோடியம் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு. 6 முதல் 40 வரை போகும். 15-ஐத் தாண்டினால் பொதுவாக மாற்று பற்றிப் பேசுவார்கள். அதற்குக் குறைவாக இருந்தும் அடிக்கடி நீர் கோத்தால் பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இறந்தவர் ஈரலுக்கு வரிசையில் நிற்பவர்களில் முந்துவது யார் என்பதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டில் இறந்தபின் உறுப்பு தருவோர் மிகக் குறைவு. பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டியே வெகுகாலமாக நிற்கிறது. உயிரோடு இருப்பவரிடம் பாதி ஈரல் கேட்க வேண்டிய நிலை இதனால்தான் வருகிறது.

இனி, கொடுப்பவருக்கு என்ன நடக்கிறது என்பது. வீட்டில் எல்லாருக்கும் இதை நீங்கள்தான் விளக்க வேண்டும், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

ஈரல் ஒன்றேகால், ஒன்றரை கிலோ எடையுள்ள உறுப்பு. வெட்டி எடுத்தால் மிச்சம் இருப்பது பெருத்து ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். முதல் சில வாரங்களிலேயே வேகமாக வளரும், பிறகு மெதுவாக. சிறுநீரகத்துக்கு இந்தக் குணம் கிடையாது. 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு ஜப்பானியத் தாய் தன் கைக்குழந்தைக்கு ஈரலின் ஒரு துண்டைக் கொடுத்தார். உயிரோடு இருப்பவரிடம் எடுத்துப் பொருத்தி நன்றாக முடிந்த முதல் அறுவை அதுதான். பெரியவரிடமிருந்து பெரியவருக்கு என்பது 1993-இல் ஜப்பானில் தொடங்கியது. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனையில், செலாயாங்கில், ஈரல் மாற்று 2002-இல் வந்தது.

குழந்தைக்கு என்றால் இடது ஓரத் துண்டு போதும், ஈரலில் கால்வாசிக்கும் குறைவு. உங்கள் அப்பா மாதிரி பெரியவருக்குப் பெரும்பாலும் வலது பக்கம் முழுவதும் வேண்டும், அதாவது கொடுப்பவரின் ஈரலில் அறுபது விழுக்காடு. பெறுபவரின் எடையில் 0.8 விழுக்காடாவது புது ஈரல் இருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. அப்பா நீர் இல்லாமல் 65 கிலோ என்றால் 520 கிராம். கொடுப்பவருக்கோ குறைந்தது முப்பது விழுக்காடு மிஞ்ச வேண்டும், அதுவும் கொழுப்பில்லாத நல்ல ஈரலாக. சிடி ஸ்கேனில் இரண்டு பக்கத்தையும் அளந்து பார்ப்பார்கள். பித்தக் குழாயும் ரத்தக் குழாயும் எப்படிக் கிளை விடுகின்றன என்று சிடியிலும் எம்ஆர்ஐயிலும் பார்ப்பார்கள். நல்ல மனதோடு வந்த எத்தனையோ பேர் இந்தக் குழாய் அமைப்பினால் திரும்பிப் போவார்கள். அதற்கு அவர்களோ நீங்களோ பொறுப்பில்லை.

ரத்த வகை: ஓ எல்லாருக்கும் கொடுக்கலாம், பி வகை பி-க்கும் ஏபி-க்கும் கொடுக்கலாம். கூட்டல் கழித்தல் குறி இதில் முக்கியமில்லை. ஆகவே நீங்களும் அக்காவும் ரத்த வகையில் பொருந்துகிறீர்கள். அம்மாவின் ஏ பொருந்தாது. வயது பொதுவாக 18 முதல் 55 வரை பார்ப்பார்கள், இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

அறுவை ஆறு முதல் எட்டு மணி நேரம். மருத்துவமனையில் ஒரு வாரம், சில சமயம் கூடுதல். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கனமாக எதையும் தூக்கக்கூடாது. குலை வெட்டுகிற வேலை, மூட்டை தூக்குகிற வேலை என்றால் மூன்று மாதச் சம்பளத்துக்கு முன்கூட்டியே வழி பார்க்க வேண்டும். நான்கில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ ஏதோ ஒரு சிக்கல் வரும். பித்தம் கசிவது, புண்ணில் சீழ், நுரையீரலில் நீர். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்குத் திரும்ப அறுக்க வேண்டிவரும். வலது பக்கம் கொடுப்பவர்களில் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேர் இறந்துபோகிறார்கள் என்பதுதான் உலகமெங்கும் சொல்லப்படும் கணக்கு. சிறிய எண்தான். ஆனால் கொடுப்பவர் நோயில்லாமல், சொந்தக் காலில் நடந்து மருத்துவமனைக்குள் வந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த எண்ணை மறைத்துவிட்டு யாரிடமும் கேட்காதீர்கள். "ஒண்ணும் ஆகாது, வளர்ந்துடும்" என்று மட்டும் சொல்லிக் கேட்பது ஏமாற்றுவது.

இந்த வார்த்தையை நானே ஒரு காலத்தில் சொன்னேன். அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் அக்காவின் கணவருக்கு இதே நோய். பல ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு முன் ஐந்தடியில் நாற்காலி போட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்தோம். மூத்த பையனுக்கு வேலை போய்விடும், அவன் வேண்டாம். இரண்டாவது பையனுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை, வேண்டாம். சுற்றிச் சுற்றி 22 வயதுக் கடைசிப் பெண்ணிடம் வந்து நின்றது. அவள் உள்ளே தேநீர் கலந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. "பொம்பளப்பிள்ள, சின்ன வயசு, ஈரல் வளர்ந்துடும், நம்ம மிஸியே சொல்றாங்க" என்று பேச்சு முடிந்தது. மிஸி என்றால் தாதி, அது நான்தான். நான் சொன்னதால் அங்கே எதிர்ப்பேச்சே எழவில்லை.

மருத்துவமனையில் கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். பெறுபவரின் மருத்துவர் இல்லாத வேறு ஒருவர், மனநல மருத்துவர், சமூகநல அதிகாரி என்று. அந்த அறையில் அவள் முதல் முறையாக "எனக்குப் பயமா இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று சொல்லி அழுதிருக்கிறாள். வெளியே எங்களிடம் "மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை" என்று மட்டும் சொன்னார்கள். சொன்னது சரி. வேண்டாம் என்று சொன்னவரைக் குடும்பத்திடம் காட்டிக்கொடுக்காமல் காப்பது அவர்கள் கடமை. அத்தான் நான்கு மாதத்தில் தவறிவிட்டார். பத்து ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பெண் என்னிடம் உண்மையைச் சொன்னாள். அப்பாவைக் கொன்றது தான்தான் என்று அத்தனை காலமும் தூங்காமல் இருந்திருக்கிறாள். அவள் அனுமதித்ததால்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்கு அப்பா மேல் பாசம் இல்லையா என்று கேட்காதீர்கள். நாங்கள் மரியாதையாகக் கேட்டிருந்தால் யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டு அவள் சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள், அல்லது பயத்தைச் சொல்லி மனப்பாரம் இல்லாமல் இருந்திருப்பாள். இரண்டையுமே நாங்கள் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம்.

இந்தியாவில் உயிரோடு உறுப்பு தருபவர்களில் பெண்களே மிகுதி. பெறுபவர்களில் ஆண்களே மிகுதி. நம் வீடுகளும் அந்த வழக்கத்திலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை. அதனால் உங்கள் வீட்டில் "ஒரே ஆம்பளப்பிள்ள வேண்டாம்" என்று அம்மா சொன்ன அந்த நொடியில், சொல்லாமலே அக்காவின் பெயர் எழுதப்பட்டுவிட்டது. இதை நீங்கள் கவனித்தீர்களா?

எப்படிக் கேட்பது என்றால், அப்பா கேட்கக் கூடாது, அம்மாவும் கேட்கக் கூடாது. பெற்றவர் வாயால் கேட்டால் பிள்ளைக்கு மறுக்க வழி கிடையாது. வீட்டில் ஒருவர் விஷயத்தைச் சொல்பவராக இருக்க வேண்டும், அது நீங்களாக இருக்கலாம். ஆனால் நீங்களும் கொடுக்கக்கூடியவர் என்பதால், மாமாவோ நம்பிக்கையான நண்பரோ இருந்தால் இன்னும் நல்லது. அவர் கேள்வி கேட்க வேண்டாம், நிலைமையைச் சொன்னால் போதும். "அப்பாவுக்கு இப்படி இருக்கிறது, இன்ன ரத்த வகை தேவை, கொடுப்பவருக்கு இன்ன ஆபத்து, விவரம் தெரிய வேண்டுமென்றால் மருத்துவமனையின் மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடலாம், நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை." அவ்வளவுதான். கூப்பிட்டார்களா இல்லையா என்று பிறகு விசாரிக்கக் கூடாது. கூப்பிட்டுவிட்டுப் பின்வாங்கினாலும் உங்களுக்குத் தெரியக் கூடாது. மயக்க ஊசி போடும் நிமிடம்வரை வேண்டாம் என்று சொல்லலாம் என்பது கொடுப்பவரின் உரிமை.

அக்காவிடம் தனியாகப் பேசுங்கள், அம்மா பக்கத்தில் இல்லாதபோது. நீ வேண்டாம் என்று சொன்னால் இந்த வீட்டில் உனக்காக நான் நிற்பேன் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு விவரத்தைச் சொல்லுங்கள். கல்யாணத்தைப் பற்றி அவள் கேட்பாள். ஈரல் கொடுத்த பெண்கள் பிள்ளை பெற்று நன்றாக இருக்கிறார்கள். பொதுவாக ஓர் ஆண்டு போகட்டும் என்பார்கள். வயிற்றில் பெரிய தழும்பு இருக்கும். வரப்போகிற மாப்பிள்ளை வீட்டில் அதை மறைக்கச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்தக் கூடாது.

உங்கள் விஷயம் வேறு. 94 கிலோ என்கிறீர்கள், ஈரலில் கொழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கொழுப்பு ஈரலை எடுக்க மாட்டார்கள், உங்களுக்கும் ஆபத்து, அப்பாவுக்கும். ஆனால் இது மாறக்கூடியது. தினமும் நடந்து, ரொட்டி சானாய், தே தாரேக், இரவு நாசி லெமாக் எல்லாவற்றையும் நிறுத்தி, இரண்டு மூன்று மாதத்தில் எட்டுப் பத்துக் கிலோ இறக்கி, முதலில் முடியாது என்று திருப்பப்பட்டு, பிறகு அப்பாவுக்கோ தம்பிக்கோ கொடுத்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொடுக்கிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே தொடங்குங்கள். அப்பாவுக்கு இனிப்புநீர் என்றால் உங்கள் ஈரலும் அதே பாதையில் போகக்கூடும். மதுவையும் நிறுத்துங்கள். புகைத்தால் அதையும்.

பிள்ளைகளைத் தாண்டி யார் என்றால், அப்பாவின் கூடப்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். சிறுநீரகம் மாதிரி திசுப் பொருத்தம் ஈரலுக்குக் கட்டாயமில்லை. அதனால் ரத்த உறவு இல்லாதவரும் உடலளவில் கொடுக்கலாம். மனைவியின் அண்ணன், கூட வேலை செய்தவர், கோயில் கமிட்டியில் பழகியவர். ஆனால் உறவில்லாதவர் என்றால் சுகாதார அமைச்சின் தனிக் குழு ஒன்று விசாரித்து அனுமதி தர வேண்டும். காசு கைமாறியதா, யாராவது மிரட்டினார்களா என்று பார்ப்பார்கள். அது நாளெடுக்கும், ஆகவே அப்படி ஒருவர் முன்வந்தால் உடனே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். பேஸ்புக்கில் போடுவதென்றால் அப்பாவின் மருத்துவக் கடிதத்தையும் ஐசி என்னும் அடையாள அட்டையையும் படம் எடுத்துப் போடாதீர்கள். போட்ட மறுநாளே "ஆள் இருக்கிறது, முன்பணம் அனுப்புங்கள்" என்று யாராவது கூப்பிடுவார்கள். அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் பறிப்பதற்கென்றே இருப்பவர்கள் அவர்கள்.

சித்தப்பாவிடம் இதைக் காட்டுங்கள். இந்தியாவில் 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது, 2011-இல் திருத்தினார்கள். உறுப்பை விற்றாலும் வாங்கினாலும் தரகு பார்த்தாலும் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் அபராதம். வெளிநாட்டு நோயாளிக்கு, நெருங்கிய உறவாக இல்லாத இந்தியர் கொடுக்கவே முடியாது. இறந்தவர் உறுப்பிலும் வெளிநாட்டவருக்குக் கடைசி இடம். சென்னையில் சிறந்த ஈரல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், உண்மை. அங்கே போகலாம், ஆனால் கொடுப்பவரையும் உங்கள் வீட்டிலிருந்தே அழைத்துப் போக வேண்டும், உறவை நிரூபிக்கும் தாள்களோடு. காசுக்கு ஈரல் தருபவர் யார் என்றும் யோசியுங்கள். நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்த அதே ஊர்களில் கடனில் மூழ்கிய ஒருவர். அவர் வயிற்றைக் கிழித்துவிட்டு மாதம் ஒருமுறைகூட அவரைப் பரிசோதிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் நடக்க மாதங்கள் ஆகும். அதுவரை அப்பா அறுவையைத் தாங்கும் உடம்போடு இருக்க வேண்டும். வார்டில் நான் பார்த்தவரை, ஈரல் கிடைத்தும் உடம்பு வற்றிப்போனதால் அறுவை மேசைக்குப் போக முடியாதவர்கள் நிறைய. சிரோசிஸ் என்றதும் வீட்டில் கஞ்சி மட்டும் கொடுக்கிறார்கள். அது தவறு. அவர் எடைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். மீன், கோழி, முட்டை, பருப்பு, தவ்பூ, தெம்பே. ஈரல் கெட்டவருக்கு இரவுப் பட்டினி கூடாது, உடம்பு தசையைத் தின்ன ஆரம்பிக்கும். படுக்குமுன் இரண்டு துண்டு ரொட்டி, ஒரு முட்டை, சர்க்கரை போடாத பால். புரட்டாசிச் சனியும் தைப்பூச விரதமும் சைவமாக இருக்கட்டும், பட்டினியாக வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உப்புதான் எதிரி. நாளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுக்குள், சமையலில் போடுவது, பொட்டலத்தில் இருப்பது எல்லாம் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப் (சோயா சாறு), பெலாச்சான் (இறால் விழுது), மேகி மீ இவை வீட்டில் இருக்கவே வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, நீர். நீர் மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள், சிறுநீரகம் கெடும். அரைவேக்காட்டுக் கெராங் சிப்பி, பச்சை மட்டி எதுவும் கூடாது. ஈரல் கெட்டவருக்கு அதிலிருக்கும் கிருமி ஓரிரு நாளில் உயிரையே எடுக்கலாம்.

மூட்டுவலிக்குப் போன்ஸ்தான், வோல்டாரன் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது. வலிக்கு 500 மில்லிகிராம் பெனடோல், நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். நாட்டு மருந்து பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். கீழாநெல்லி கொடுத்தால் காமாலை இறங்கும் என்று நம் பாட்டிகள் நம்பியதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் பரவும் ஹெப்படைடிஸ் ஏ காமாலை தானாகவே இறங்கும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். சிரோசிஸ் அப்படி இறங்காது. சீந்தில் கொடியால் ஈரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். சந்தையில் விற்கும் ஜாமு மூலிகை மருந்தும் வேண்டாம்.

மலம் இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்திருந்தால், நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும், அதுதான் கணக்கு. மலம் கட்டினால் விஷம் மூளைக்கு ஏறும். அது தொடங்குவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தினமும் காலையில் ஒரு நோட்டில் அவர் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். எழுத்து கோணலானால், தேதி தடுமாறினால், பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், அன்றைக்கே மருத்துவமனை. அவர் இனி லோரியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டக் கூடாது, கோபித்தாலும் சாவியை எடுத்து வையுங்கள். ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்றுவலி, இவற்றுக்குத் தோட்டத்து கிளினிக் வேண்டாம், 999 கூப்பிட்டு நேரே ஈப்போ. வாய்வழிக் குழாய் விட்டு ஸ்கோப் செய்து, உணவுக்குழாயில் வீங்கிய நாளங்களைக் கட்டியிருக்கிறார்களா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த ஸ்கேன் ஈரல் புற்றுநோயைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க. பெருத்துவிட்டால் மாற்றுக்கே வழி போய்விடும்.

பணம். செலாயாங்கில் குடிமக்களுக்கு அரசாங்கக் கட்டணம்தான். ஆனால் கோலாலம்பூரில் தங்குவது, பெட்ரோல், வேலை இழப்பு, இவைதான் குடும்பத்தை உடைக்கும். மருத்துவமனையின் சமூகநலப் பிரிவை முதல் நாளே பாருங்கள், கூச்சப்படாதீர்கள். அப்பாவின் இபிஎஃப் சேமநிதிப் பணத்தை மருத்துவத்துக்கு எடுக்க வழியுண்டு. இன்னொன்று அவசரம்: அப்பா வேலையை விட்டு நான்கு மாதம் என்கிறீர்கள். தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவின் உடற்குறை ஓய்வூதியத்துக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருந்தால் முழுத் தகுதி. வேலையில்லாமல் மாதங்கள் போகப் போக அந்தக் கணக்கு சுருங்கும். வயது 60-க்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். லோரி முதலாளி ஒழுங்காகக் கட்டினாரா என்று இந்த வாரமே பாருங்கள். எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் இதைத் தெரியாமல் இழந்திருக்கின்றன.

மாற்று முடிந்தபின் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அந்த நாள் வரும்போது விரிவாகப் பேசலாம். நல்ல இடங்களில் பத்தில் எட்டு ஒன்பது பேர் ஓர் ஆண்டைத் தாண்டுகிறார்கள். டாக்ரோலிமஸ் மாதிரியான எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க, நேரம் தவறாமல். நம் ஈப்போக்காரர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: தம்புனில் விளையும் பம்ளிமாஸ் அந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தொடக் கூடாது. தோட்டத்துச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது, மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸ் என்ற கிருமி நோய் இந்த நாட்டில் உண்டு.

செலாயாங்கிலிருந்து தேதி வந்ததும் அப்பாவின் எல்லா ரத்தப் பரிசோதனைத் தாள்களையும், ஸ்கேன் சிடிக்களையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளை அப்படியே ஒரு பையிலும் எடுத்துப் போங்கள். அவர் கையால் எழுதிய அந்தக் காலை நோட்டும் இருக்கட்டும். முதல் சந்திப்பில் அக்காவை அழைத்துப் போக வேண்டாம். அவள் வர விரும்பினால், அவளாகச் சொல்லட்டும்.